மலைத் தோட்டத்துக்கு மரச்சட்டக் குடில் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழின் தோட்டப் பக்கத்தில், வீட்டுக்கு வீடு பசுமைக்குடில் வைக்கலாம், இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் தாளும் ஒரே பெட்டியில் வந்துவிடும், மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்னை மொட்டை மாடிக்கும் ஊட்டிக் கொல்லைக்கும் அவர் ஒரே யோசனையைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கோத்தகிரிக்காரன், வீட்டுத் தோட்டத்தில் மரச்சட்டத்தில் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், காற்றுத் திறப்பு பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் சமவெளிக்காரர்கள். மதுரையிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் வெளியிலேயே 40 டிகிரி. அப்போது நாலு பக்கமும் மூடிய குடிலுக்குள் செடியை வைப்பது இட்லிப் பானைக்குள் வைப்பது மாதிரிதான். வெயிலை உள்ளே விட்டு, சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதே பசுமைக்குடிலின் வேலை. சூட்டைக் குறைக்க வழி தேடுகிற ஊரில் அதற்கு என்ன வேலை இருக்கிறது? அங்கே வேண்டியது 50 சதவீத நிழல்வலை, ஐப்பசி மழையில் நாற்று அடிபடாமலிருக்கப் பக்கங்கள் திறந்த ஒரு சின்னக் கூரை, அவ்வளவுதான். பெரிய விவசாயிகள் விசிறி, ஈரத் திண்டு எல்லாம் வைத்துச் சமாளிக்கிறார்கள், அது வேறு கணக்கு. மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்திருக்கிற அம்மாவிடம் போய் பாலிஹவுஸ் வாங்குங்கள் என்று சொல்வது நியாயமே இல்லை.

மலையில் கதை வேறு. நவம்பர் கடைசி தொட்டு பிப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் ராத்திரிகளில் ஊட்டி வட்டாரத்துத் தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும், காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மிலார்ச் செடிக் கொப்புகளைப் போட்டு மூடுவதைப் பனிக்காலத்தில் நீங்களே படம் எடுத்துப் போடுகிறீர்கள். 1848-இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர் உருவாக்க ஆரம்பித்த அந்தப் பூங்காவில் கண்ணாடி மாளிகை ஒன்று இருப்பதும் சும்மா அழகுக்காக மட்டும் இல்லை, வெளியில் தாங்காத செடிகள் அதற்குள் தாங்குகின்றன. கோத்தகிரியில் உறைபனி அவ்வளவு மோசம் கிடையாது, பள்ளமான இடங்களில்தான் விழும். எங்களுக்குப் பெரிய தொல்லை ஈரம். தொட்டபெட்டா மலையின் மறைப்பில் இருப்பதால் ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களைப் படுத்தும், நாள்கணக்கில் மூட்டமும் தூறலுமாக நின்றுவிடும். தக்காளி இலை காயாமல் நனைந்தபடியே இருந்தால் உருளைக்கிழங்கைக் கருக்குகிற அதே இலைக்கருகல் நோய் இதிலும் ஏறி, நேற்று நன்றாக இருந்த செடி நாலு நாளில் தண்டோடு கறுத்துப் போகும். மருந்தடித்து மாளாது. இலை நனையாமல் மேலே ஒரு கூரையும், ஈரம் தங்காமல் காற்றோட்டமும் இருந்தால் இந்த நோய் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக, மலை வீட்டுக்குக் குடில் தேவைதான், அதில் அந்தக் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இரும்புக் குழாய் விஷயத்தில். குடில் அமைத்துத் தரும் கம்பெனிகளைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை சதுர மீட்டர் என்றுதான் முதல் கேள்வி வரும். கார்னேஷன், ஜெர்பரா பூக்களைப் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்களுக்குக் கட்டிக்கொடுத்துப் பழகியவர்கள், குறை சொல்ல முடியாது. 48 சதுர அடி என்றால் போனை வைத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் நம் தலையில் அந்த ரெடிமேட் பெட்டியைக் கட்டுகிறார்கள். அதில் வரும் குழாய் விரல் கனம்தான் இருக்கும். காற்று ஒரு தடவை தூக்கிப் போட்டால் வளைந்தது வளைந்ததுதான், நிமிர்த்தவும் முடியாது, அதே அளவில் மாற்றுக் குழாய் கோயம்புத்தூரிலும் கிடைக்காது. மரம் என்றால் ஒரு சட்டம் முறிந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி, பக்கத்துத் தெரு ஆசாரியிடம் அதே நீளத்துக்கு ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். குளிர் ராத்திரியில் இரும்பு சீக்கிரம் சில்லிட்டு, உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் அதில் நீராகக் கோத்து நாற்றுத் தலையில் சொட்டும், மரத்தில் அது குறைவு. பகலில் நேர் எதிர். வெயிலில் காய்ந்த குழாய் படுகிற இடத்தில்தான் பிளாஸ்டிக் தாள் முதலில் நைந்து கிழியும். அலமாரி வைக்க, கொடி கட்ட, தொட்டி தொங்கவிட எங்கே வேண்டுமானாலும் ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், புழங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். நான் ஏதோ பழமை பேசுவதாக நினைக்க வேண்டாம். மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே இரும்புக் குழாய்ச் சட்டத்தோடு மரச்சட்டத்துக்கும் மூங்கில் சட்டத்துக்கும் தனித்தனியாகச் செலவுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். விற்கிறவர்கள்தான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சரி, மரத்துக்கு எங்கே போவது? இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் தோட்டத்தில் சில்வர் ஓக் நிற்கிறதே, ஒன்றைச் சாய்த்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நீலகிரியில் நடைமுறையில் இருக்கிறது, பட்டா நிலம் என்றாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். ஆறு அடிக் குடிலுக்காக வனத்துறைக்கு அலைவதைவிட அறுவை மில்லில் பில்லோடு வாங்குவது நல்லது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மலிவு, கனமும் உண்டு, ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு கதவைக் கோணலாக்கிவிடும், எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. சைப்ரஸ் கிடைத்தால் விடாதீர்கள், ஈரத்தைத் தாங்கும் மரம் அது. சில்வர் ஓக் வெளியில் தானாக நிற்காது, பெயின்ட் அடித்துப் பார்த்துக்கொண்டால் நிற்கும். எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பழைய மரக்கடை. இடித்த பங்களாக்களின் தேக்குச் சட்டங்களும், சில சமயம் கண்ணாடியோடு முழு ஜன்னலுமே அங்கே வரும். அடிச்சட்டத்துக்கு மட்டுமாவது அந்தப் பழந்தேக்கைத் தேடிப் போடுங்கள், ஏனென்றால் மரக் குடில் எப்போதும் கீழிருந்துதான் இற்றுப்போக ஆரம்பிக்கும்.

அளவு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். அகலம் 6 அடி, நீளம் 8 அடி. நடுவில் நடைபாதை, இரு பக்கமும் இரண்டடிப் பாத்தி, நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். இந்த அளவில் ஒரு வசதியும் இருக்கிறது. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 10 அடி வர வேண்டும், இரண்டு குறுக்கும் 10 வந்துவிட்டால் மூலை மட்டம் சரி, கொத்தனார் 3, 4, 5 என்று பார்க்கிறாரே அதே கணக்கின் இரட்டிப்பு. இதில் அரை அங்குலம் விட்டீர்களானால் கூரை போடும்போது அது இரண்டு அங்குலமாக வந்து நிற்கும்.

இடத்தைத் தட்டையாக்குகிறேன் என்று சரிவைக் குடையாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தட்டையாக இருக்கிற படிக்கட்டு நிலத்தில், சில்வர் ஓக் நிழல் விழாத இடமாக, பள்ளத்தைத் தவிர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரிக் குளிர்க்காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டு, அதில் மூன்றடிக்கு ஒன்றாக போல்ட்டைப் புதைத்து விடுங்கள். கட்டின் மேல் தார் ஷீட் ஒரு பட்டை, அதன் மேல் மூன்றுக்கு இரண்டு அங்குல அடிச்சட்டத்தை வைத்து நட்டுப் போட்டு முறுக்குங்கள். மரம் மண்ணைத் தொடக் கூடாது, சிமென்ட்டையும் நேராகத் தொடக் கூடாது. எடை இல்லாத கட்டுமானம் என்பதால் காற்று இதை மேலே தூக்கத்தான் பார்க்கும், அதனால் போல்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அதன் மேல் இரண்டடிக்கு ஒரு கால், நாலரை அடி உயரம். கால்களின் தலையில் மேல்சட்டம். முகடு அதிலிருந்து ஒன்றரை அடி உயரே. மூன்றடி ஓட்டத்துக்கு ஒன்றரை அடி ஏற்றம் என்றால் சரிவு 26 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும். மழைத் தண்ணீர் இதைவிடக் குறைந்த சரிவிலும் ஓடிவிடும். ஆனால் உள்பக்கம் கோக்கும் நீர் நடுவில் சொட்டாமல் கூரையோடு ஒட்டி ஓரத்துக்கு வழிய வேண்டுமென்றால் இவ்வளவு சரிவு வேண்டும். கூரையைத் தாங்கும் கைமரம் ஒவ்வொரு காலுக்கும் நேர் மேலே உட்காரட்டும். மூலைகளில் கோணலாக ஒரு முட்டுக் கட்டை கண்டிப்பாகப் போடுங்கள், அது இல்லாத சட்டம் கையால் தள்ளினாலே ஆடும். கழுந்து (துளைக்குள் நுழைகிற முனை) செதுக்கத் தெரிந்தால் செதுக்குங்கள், தெரியாவிட்டால் பாதிப் பாதி வெட்டி ஒன்றன் மேல் ஒன்றை உட்கார வைத்து, துரு ஏறாத திருகாணி போட்டாலே போதும். கதவு, திறப்பு எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்துக் கன அடி மரம் ஆகும்.

மரத்துக்குப் பூச்சு என்றதும் நிறைய பேர் வொர்க்‌ஷாப் கழிவு ஆயிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம், சாப்பிடுகிற கீரை வளர்கிற இடம். கிரியோசோட் என்கிற தார் எண்ணெயும் கூடாது, அதன் ஆவிக்கே செடி வாடிவிடும். நம் பக்கத்துப் பழைய வழி முந்திரிக்கொட்டை எண்ணெய், அடிச்சட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போடும், உறை மாட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி பிரைமர் அடித்து மேலே இரண்டு கை எனாமல். உள்பக்கம் வெள்ளை. மூட்டமான நாளில் அந்த வெள்ளை திருப்பிவிடுகிற வெளிச்சம்கூடச் செடிக்கு லாபம்தான்.

இப்போது காற்றுத் திறப்பு. பனியில் செத்த செடியைவிட, வெயில் நாளில் மூடிய குடிலுக்குள் வெந்து செத்த செடிதான் அதிகம் இருக்கும். வெளியில் 20 டிகிரிதானே என்று நினைப்போம், நல்ல வெயிலில் மூடிக் கிடக்கும் சின்னக் குடிலுக்குள் மத்தியானத்துக்குள்ளேயே 35-ஐத் தாண்டிவிடும், அந்தச் சூட்டில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். கூரையில் இருக்கிற திறப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் ரொம்ப காலமாக வைத்திருக்கும் கணக்கு. 48 சதுர அடிக்குப் பத்து சதுர அடி. கைமரங்களுக்கு நடுவில் இரண்டடி அகலம், இரண்டரை அடி நீளத்தில் இரண்டு பலகணி வைத்து, முகட்டில் கீல் போட்டால் கணக்கு முடிந்தது. சூடு மேலே போய் வெளியேற, கீழே கதவு வழியாகப் புதுக்காற்று வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் மெழுகு அடைத்த சிலிண்டர் ஒன்று வாங்கிப் பலகணியில் மாட்டிக்கொள்ளலாம், சூடு ஏறினால் மெழுகு விரிந்து தானே திறக்கும், குளிர்ந்தால் தானே மூடும், மின்சாரம் வேண்டாம். பெட்டிக் குடில்களில் பலவற்றில் கூரைத் திறப்பே கிடையாது, முன்னால் ஜிப் வைத்த ஒரு துணிக் கதவு மட்டும்தான். அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறார்.

மேலே போர்த்த என்ன? கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் குரங்கு இருக்கிற ஊரில் அதைக் கூரையில் போட எனக்கு மனசு வராது. 200 மைக்ரான் பாலிதீன் தாள் மலிவு, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு கட்டுப்பாடு உள்ள மாவட்டத்தில் கிழிந்த தாளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். அதோடு பாலிதீன் ராத்திரியில் சூட்டை எளிதாக வெளியே விட்டுவிடும், காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் உள்ளே வெளியைவிடக் குளிராகக்கூட ஆவதுண்டு. என் ஓட்டு ஆறு மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக் தகட்டுக்கு. ஏறக்குறைய 200 சதுர அடி வாங்க வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு இதுதான், ஒளிப்பதற்கில்லை. பத்து ஆண்டு உத்தரவாதம் தருகிற ரகங்கள் உண்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள். அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும் பக்கம் வெயிலைத் தாங்கும் பக்கம், அது வெளியே பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் சீக்கிரமே பழுத்து நொறுங்கும். உள்ளே ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், படுக்கப் போட்டால் தண்ணீர் தங்கிப் பாசி பிடிக்கும். மேல் முனையை முழுசாக அடைத்து, கீழ் முனையில் நீர் வடிகிற, பூச்சி நுழையாத டேப் ஒட்டுங்கள். திருகாணிக்குத் துளை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், வெயிலில் தகடு விரியும், இறுக்கிப் பிடித்தால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

பனி ராத்திரிக்கு ஹீட்டர் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கறுப்படித்துத் தண்ணீர் நிரப்பி வெயில் படுகிற மூலையில் வைத்துவிடுங்கள். பகலில் வாங்கிய சூட்டில் பத்து டிகிரி ராத்திரியில் ஆறினாலே, ஒரு கிலோவாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிந்த சூடு அதிலிருந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரையே காலையில் செடிக்கு விடலாம், ஜில்லென்ற பைப் தண்ணீரைவிட நாற்றுக்கு அது இதம். அப்புறம், குடிலுக்குள் காற்று அசையாததால் தக்காளிப் பூங்கொத்தை மத்தியான நேரத்தில் விரலால் சுண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காய் குறையும்.

குரங்கைச் சொன்னேன். பலகணி திறந்திருந்தால் அது உள்ளே இறங்கி ஒரு கொத்தமல்லி விடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போகும், திறப்புக்கெல்லாம் உள்பக்கம் அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். முள்ளம்பன்றிக்குச் செங்கல் கட்டு போதும். காட்டுமாட்டுக்கு மரமும் ஒன்றுதான் இரும்பும் ஒன்றுதான், அது வழக்கமாக நடக்கிற தடத்தில் கட்டாமல் இருப்பது ஒன்றே வழி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தோட்டப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதினால் ஒரு குடிலின் வரைபடத்தை அளவுகளோடு போடுங்கள், ஆசாரியிடம் காட்டினால் அவர் வேலையைத் தொடங்கும்படி இருக்கட்டும். தோட்டக்கலைத் துறையினரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், மே மாதம் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது காய்கறியால் யானை, மயில் என்று செய்து வைக்கிறீர்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, இருக்கட்டும். கூடவே ஒரு ஓரத்தில் ஆறுக்கு எட்டு அடியில் மரச்சட்டக் குடில் ஒன்றை நிஜமாகக் கட்டி வைத்து, எந்த மரம், எவ்வளவு செலவு, எங்கே அனுமதி வேண்டும் என்று ஒரு பலகையும் வையுங்கள். கட்டித்தர உள்ளூர் ஆசாரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கூலியைக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி